வண்டிக் கண்ணாடியில் கீறலும் மங்கலும் ஏன் வருகின்றன?

இரவில் வண்டி ஓட்டும் சகோதரர்கள் பலரும் ஒரே குறையைச் சொல்கிறார்கள். பகலில் பளிச்சென்று இருக்கும் முன்கண்ணாடி, எதிரே ஒரு லாரி விளக்கைப் போட்டதும் ஒரேயடியாக வெளுத்துவிடுகிறது. அந்த ஓரிரு வினாடிகளில் சாலையோரம் நடப்பவர் தெரிவதில்லை, விளக்கில்லாத சைக்கிள் தெரிவதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். நள்ளிரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு விரையும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும், விமான நிலையச் சவாரியை நம்பிக் குடும்பம் நடத்தும் டாக்ஸி ஓட்டுநருக்கும் இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல.

எதிர் வெளிச்சத்தில் கண்ணாடி வெளுப்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, கண்ணாடியின் மேல் படிந்திருக்கும் மெல்லிய படலம். மற்றொன்று, கண்ணுக்கு எளிதில் தெரியாத நூற்றுக்கணக்கான மயிரிழைக் கீறல்கள். இரண்டுமே தம்மேல் விழும் வெளிச்சத்தை நேராக விடாமல் நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. இவற்றில் பெரும்பகுதி கண்ணாடியைத் துடைக்கும் விதத்தால் வருகிறது என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. துடைக்காமல் விட்டுக் கெட்ட கண்ணாடியைவிட, தப்பாகத் துடைத்துக் கெட்ட கண்ணாடியே நம் தெருக்களில் அதிகம்.

காலையில் வண்டி எடுக்கும்போது நடப்பதைக் கவனியுங்கள். இரவெல்லாம் படிந்த புழுதி கண்ணாடி மேல் காய்ந்து கிடக்கும். ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலிருந்து பனியன் வேஸ்ட்டையோ பழைய மஞ்சள் துணியையோ எடுத்து, உலர்ந்த கண்ணாடியை வட்டவட்டமாகத் தேய்ப்பார். சிலர் உட்கார்ந்தபடியே வைப்பரைப் போட்டுவிடுவார்கள். இரண்டும் ஒரே கேட்டைத்தான் செய்கின்றன. ஒரு பொருள் மற்றொன்றைக் கீறுமா என்பதை 'மோ' அளவுகோலால் அளப்பார்கள். அதில் நம் நகம் சுமார் 2.5, சாதாரணக் கண்ணாடி சுமார் 5.5. நம் ஊர்ப் புழுதியில் நிறையக் கலந்திருக்கும் மணல், அதாவது குவார்ட்ஸ், 7. எனவே மணல் கண்ணாடியைக் கீறியே தீரும். துணி எவ்வளவு மென்மையானது என்பது அப்போது கணக்கில் வராது. துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு மணல் துகள் சிக்கினால் நாம் துணியால் துடைக்கவில்லை, மணலால் தேய்க்கிறோம். வைப்பர் போகும் பாதையில் வில் போன்ற கோடுகள் விழுவதும் இதனால்தான்.

ஆகவே முதல் வேலை தண்ணீர், துணி அதன் பிறகுதான். ஒரு குவளைத் தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி, புழுதியை ஓட விடுங்கள். பிறகு சில சொட்டு ஷாம்பு கலந்த நீரில் நனைத்த துணியால், அழுத்தாமல், மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். துணியை அடிக்கடி அலசுங்கள். அலசும் வாளியும் ஷாம்பு வாளியும் ஒன்றாக இருந்தால் மணல் திரும்பத் துணிக்கே வந்து சேரும். இரண்டு வாளி வைத்துக்கொள்வது நல்லது. பிறகு மீண்டும் தண்ணீர், கடைசியாக உலர்ந்த சுத்தமான துணி. கீழே விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி கண்ணாடியில் வைக்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும். வாட்டர் வாஷ் கடைகளில் வேலைக்குச் சேரும் நம் இளைஞர்கள் இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டாலே, வாடிக்கையாளரிடம் கெட்ட பெயர் வாங்காமல் தொழிலில் நிற்கலாம். டயரையும் சக்கரத்தையும் துடைத்த துணி கண்ணாடிப் பக்கமே வரக்கூடாது. அதற்கு வேறு நிறத் துணி வைத்துக்கொண்டால் குழப்பம் இராது.

இதையெல்லாம் நிழலில், கண்ணாடி சூடு ஆறிய பிறகு செய்யுங்கள். வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் ஊற்றிய ஷாம்பு நீர் துடைப்பதற்குள் காய்ந்துவிடும். அது கோடுகோடாக நிற்பதைப் பார்த்து, கண்ணாடி சரியில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்ப்பவர்கள் உண்டு.

உப்புத் தண்ணீரும் வெள்ளைப் புள்ளிகளும்

கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு வேறு ஒரு தொல்லை. கடற்காற்றில் வரும் உப்பு இரவோடு இரவாகக் கண்ணாடியில் படிந்து, காலையில் பால் தடவியது போல் இருக்கும். இந்த உப்பு கண்ணாடியைவிட மெதுவானது, தானாகக் கீறாது, வெறும் தண்ணீரிலேயே கரைந்துவிடும். அதோடு சேர்ந்து பறந்து வரும் மணல்தான் ஆபத்து. அதனால் கடலோரத்தில் உலர்ந்த துணிக்கு வேலையே இல்லை.

போர்வெல் தண்ணீர் விடும் வெள்ளைப் புள்ளிகள் வேறு வகை. அந்தத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். நீர் ஆவியாகிப் போனதும் அவை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீரில் கழுவினால் போகாது. ஏனென்றால் அவை வந்ததே தண்ணீரிலிருந்துதான். இதற்குச் சமையலறை வினிகர் போதும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை நனைத்து, புள்ளிகள் மேல் ஐந்து பத்து நிமிடம் ஒட்டிவைத்து, பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள். புள்ளி பழையதாக இருந்தால் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும். எலுமிச்சைச் சாறும் இதே வேலையைச் செய்யும். இரண்டில் எதுவானாலும் பெயிண்ட் மேல் காய விடாதீர்கள்.

வினிகருக்குப் பதிலாகக் கழிவறை ஆசிட்டை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது குரோம் பூச்சையும் அலுமினியத்தையும் அரிக்கும். அதன் புகையைச் சுவாசிப்பவருக்கும் கேடு. சக்கரம் சுத்தம் செய்யவும் துருவை நீக்கவும் விற்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் சேர்ந்திருக்கும். அது கண்ணாடியையே தின்னும், தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரை பாதிக்கும். புட்டியில் அந்தப் பெயர் இருந்தால் கையிலேயே எடுக்காதீர்கள்.

புள்ளிகள் பல மாதம் அப்படியே கிடந்தால், படிவு கண்ணாடியின் மேற்பரப்பை மெல்ல அரித்துக் குழி போட்டுவிடும். அந்த நிலைக்குப் போன பிறகு வினிகர் உதவாது. கழுவி முடித்ததும் உடனே துடைத்து உலர்த்தச் சொல்வது இதற்காகத்தான். வசதி இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் மழைநீரோ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ ஒரு லிட்டர் போதும்.

உள்பக்கம்

வெளிப்பக்கத்தை விழுந்து விழுந்து துடைக்கிறவர்கள் உள்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். இரவு மங்கலில் பாதிக்குமேல் உள்பக்கப் படலத்தால் வருவது என்பதே எங்கள் எண்ணம். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் டேஷ்போர்டின் பிளாஸ்டிக் சூடாகி, அதிலுள்ள எண்ணெய்ப் பசை ஆவியாகி, கண்ணாடியில் படிகிறது. புது வண்டியின் வாசனை என்று நாம் ரசிப்பதில் இதற்கும் பங்கு உண்டு. டேஷ்போர்டு மினுங்கத் தடவும் பாலிஷ், சிகரெட் புகை, மூச்சுக்காற்று, பிள்ளைகளின் கைரேகை எல்லாம் அதன் மேல் சேரும். விரல் நுனியால் கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு பளிச்சென்று தனியாகத் தெரிந்தால் படலம் இருக்கிறது.

தண்ணீரோ ஷாம்புவோ இந்தப் பசையை இடம் மாற்றுமே தவிர எடுக்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் டிஸ்டில்டு வாட்டரும் சம அளவு கலந்து, கண்ணாடியில் அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள். உடனே இரண்டாவது உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். கதவுகளைத் திறந்து வையுங்கள், அருகில் நெருப்பு வேண்டாம். ஆல்கஹால்தானே என்று கொரோனா காலத்தில் வாங்கி மீந்த சானிடைசரை எடுத்துவிடாதீர்கள். கை வறளாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்த்திருப்பார்கள். அது புதிதாக ஒரு படலத்தையே போட்டுவிடும். மண்ணெண்ணெயும் அப்படித்தான்.

கண்ணாடியும் டேஷ்போர்டும் சேரும் அடி மூலையில் கை போகாது. பிளாஸ்டிக் ஸ்கேலில் துணியைச் சுற்றி விட்டால் போகும். உள்பக்கத்தைக் குறுக்காகவும் வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாகவும் துடைக்கும் வழக்கம் வைத்துக்கொண்டால், முடித்த பிறகு ஏதாவது கோடு தெரிந்தால் அது எந்தப் பக்கம் என்று தேட வேண்டியதில்லை. பின்கண்ணாடியின் உள்பக்கத்தில் ஓடும் மெல்லிய பழுப்புக் கம்பிக் கோடுகள் பனியை நீக்குவதற்கானவை. அவற்றின் போக்கிலேயே துடைக்க வேண்டும்; குறுக்கே சுரண்டினால் அறுந்துபோகும்.

துணி விஷயத்தில் நியூஸ்பேப்பர் நல்லதா என்று கேட்கிறார்கள். ஈரத்தை உறிஞ்சும், பஞ்சு விடாது, உண்மைதான். ஆனால் மை ஓரத்து ரப்பரிலும் கையிலும் ஒட்டும், மடிப்பில் மணல் இருந்தாலும் தெரியாது. மைக்ரோஃபைபர் துணி நாலு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பாலியெஸ்டரும் நைலானும் மயிரிழையைவிட மெல்லியதாகப் பிரிக்கப்பட்டு நெய்த துணி அது. பசையைத் தள்ளாமல் அள்ளிக்கொள்ளும்.

பாலிஷ் போடுவதற்கு முன்

கழுவியாயிற்று, இரண்டு பக்கமும் துடைத்தாயிற்று. இன்னும் மங்கல் இருந்தால் கண்ணாடி மேல் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். நீர் ஒரே மாதிரிப் பரவாமல், சில இடங்களில் திட்டுத் திட்டாக விலகி நின்றால், சாலையில் டீசல் புகையும் எண்ணெயும் சேர்ந்து போட்ட படலம் அது. மழையில் வைப்பர் துடைக்கத் துடைக்க மெழுகுவதும் இதனால்தான். வைப்பர் பழுதான மழையில் புகையிலையோ உருளைக்கிழங்குத் துண்டோ தேய்த்துச் சமாளிக்கும் பழைய கைவைத்தியம் ஓர் இரவுக்குச் சரி. மறுநாள் அதையும் சேர்த்துக் கழுவ வேண்டும்.

இந்தப் படலத்துக்கும் மிக மெல்லிய கீறலுக்கும் ஏற்ற மருந்து செரியம் ஆக்சைடு என்னும் தூள். மூக்குக்கண்ணாடி வில்லைகளை மெருகிடவும் இதைத்தான் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். இது மணல்தாள் போல வெறுமனே சுரண்டுவதில்லை; தண்ணீரோடு சேர்ந்து கண்ணாடியின் மேற்பரப்பில் ஒருவித வேதிவினையும் செய்து, மிக நுண்ணிய அளவில் மேல்தோலை எடுக்கிறது. அதனால்தான் புதுக் கீறல் போடாமல் மெருகு தருகிறது. பல் துலக்கும் பேஸ்ட், பாத்திரம் தேய்க்கும் நார், சாம்பல், பெயிண்டுக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டு எல்லாவற்றையும் இதற்கு மாற்றாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் எந்தத் துகள் எவ்வளவு கடினம் என்பது நமக்குத் தெரியாது. மணல்தாள் போட்டால் ஒரு கீறல் போய், அந்த இடம் முழுவதும் மூடுபனி போல் வெளுத்துவிடும். அதை மறுபடி தெளிவாக்கப் பல மணி நேரம் பிடிக்கும்.

பாலிஷ் போடத் துணிவதற்கு முன் கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக இழுங்கள். நகம் தடுக்காமல் வழுக்கிப் போனால் முயன்று பார்க்கலாம். தடுத்தால் விட்டுவிடுங்கள். ஆழமான கீறலை எடுக்க வேண்டுமானால் சுற்றியுள்ள கண்ணாடி அத்தனையையும் அந்த ஆழத்துக்குக் குறைக்க வேண்டும். அப்போது அந்த இடம் லேசான குழிவில்லை போல் ஆகி, அதன் வழியே தெரியும் சாலையும் வண்டியும் நெளியும். கீறலோடு ஓட்டிவிடலாம், நெளிவோடு ஓட்டுவது கண்ணுக்கும் தலைக்கும் வேதனை. குறிப்பாக ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே உள்ள பகுதியில் ஆழமாகப் பாலிஷ் போட யார் சொன்னாலும் சம்மதிக்க வேண்டாம்.

மெல்லிய கீறல்தான் என்று தெரிந்த பிறகு, உள்பக்கத்திலிருந்து மார்க்கர் பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பேஸ்ட் பூசியதும் கீறல் கண்ணுக்குத் தெரியாது. ரப்பர் ஓரத்துக்கும் பெயிண்டுக்கும் டேப் ஒட்டி, பானட் மேல் பழைய படுதா விரியுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு தூளைத் தண்ணீரில் கடைந்த தயிர்ப் பதத்துக்குக் கலக்குங்கள். வெறும் படலம் என்றால் ஈரத் துணியில் தொட்டுக் கையாலேயே தேய்க்கலாம், அரை மணி நேரத்தில் போய்விடும். கீறலுக்குக் கை போதாது. வேகத்தைக் குறைக்க வசதியுள்ள டிரில் மெஷினில் ஃபெல்ட் பேட் மாட்டி, நிமிடத்துக்குச் சுமார் 1000 சுற்றில், ஒரே இடத்தில் நிற்காமல் கீறலைவிட அகலமான பரப்பில் நகர்த்திக்கொண்டே போக வேண்டும்.

இங்கே பொறுமைதான் முக்கியம், காரணம் சூடு. முன்கண்ணாடி ஒரே தகடு அல்ல. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் சில்லுகள் உள்ளே சிதறாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஓரிடம் மட்டும் சூடேறினால் அந்தக் கண்ணாடி ஓரம்வரை ஒரே கோடாக விரிந்துவிடும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டினால் நிறுத்தி ஆறவிட வேண்டும். பேஸ்ட் காயத் தொடங்கினால் தண்ணீர் தெளிக்க வேண்டும், காய்ந்த பேஸ்ட்டோடு ஓட்டக்கூடாது. பட்டறையில் அவசரத்துக்கு ஆங்கிள் கிரைண்டரை எடுப்பார்கள். அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் போகும். அதற்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமில்லை.

முடித்ததும் நிறைய நீரில் கழுவி, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். ஓரங்களில் வெள்ளையாக நிற்பது காய்ந்த தூள், ஈரத் துணியில் போய்விடும். பரப்பு முழுதும் லேசாக மங்கினாற்போல் இருந்தால் வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். அதே தூளை இன்னும் கொஞ்ச நேரம் ஈரமாக ஓட்ட வேண்டும். கதவுக் கண்ணாடிகள் சூட்டில் பதமாக்கிய ஒற்றைத் தகடுகள், முறை இதுவே. கறுப்பு ஃபிலிம் ஒட்டிய பக்கத்தில் மட்டும் தூளோ பிளேடோ அம்மோனியா கலந்த திரவமோ படக்கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை விட வேண்டும். அந்த அளவுகூட இல்லாமல் ஃபிலிம் ஒட்டிக்கொண்டு இரவில் சரியாகத் தெரியவில்லை என்று சொல்பவருக்குப் பாலிஷ் உதவாது.

ஹெட்லைட் மூடியும் ஹெல்மெட் முகப்பும் பிளாஸ்டிக். அவற்றுக்கு இந்தத் தூள் வேண்டாம். ஹெல்மெட் முகப்புக்குச் சோப்பு நீரே போதும். பெட்ரோலும் தின்னரும் படவே கூடாது.

நகம் தடுக்கும் கீறலும் வெடிப்பும் ஓட்டுநர் பார்வைக்கு நேரே இருந்தால் கண்ணாடியை மாற்றுவதுதான் வழி. கல் பட்டு உடைந்த கண்ணாடிக்கு முழுக் காப்பீட்டில் இழப்பீடு கோரலாம். கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானம் என்று கழிப்பதில்லை. ஆனால் வைப்பர் தேய்த்த கோடுகளுக்கும் மங்கலுக்கும் கிடைக்காது, மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு எதற்குமே கிடைக்காது. இழப்பீடு வாங்கினால் அடுத்த ஆண்டின் நோ கிளெய்ம் போனஸ் போகக்கூடும் என்பதையும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கண்ணாடியை இரண்டு பக்கமும் சுத்தம் செய்த பிறகும் எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது, கண் கூசுகிறது என்றால், வண்டியை நிறுத்தி இறங்கி வெளியே நின்று அதே விளக்குகளைப் பாருங்கள். அப்போதும் வளையம் தெரிந்தால் குறை வண்டியில் இல்லை. கண்புரை தொடங்கும்போது இப்படித்தான் இருக்கும். 50 வயதைத் தாண்டிய ஓட்டுநர்கள் பலர் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இதைச் சொல்லாமலே ஓட்டுகிறார்கள். கண்புரை அறுவைச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்யப்படுகிறது, தள்ளிப்போடக் காரணமில்லை.

இனி வைப்பர். நம் ஊர் வெயிலில் அதன் ரப்பர் விரைவில் இறுகி வெடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். இடையில் வாரம் ஒருமுறை தூக்கி நிறுத்தி ஈரத் துணியால் ரப்பரின் விளிம்பைத் துடைத்தால் போதும். துணியில் ஒட்டும் கறுப்பைப் பார்த்தாலே தேவை புரியும். கண்ணாடிக்கு நீர் அடிக்கும் தொட்டியில் துணி சோப்புத் தூளைப் போடாதீர்கள். கசடு தங்கிக் குழாயை அடைக்கும். அதில் போர்வெல் தண்ணீரும் வேண்டாம்.

மைக்ரோஃபைபர் துணிகளை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் மற்றத் துணியின் பஞ்சு அதில் ஏறிக்கொள்ளும். தனியாக, சிறிது திரவ சோப்பில் அலசி, நிழலில் உலர்த்தி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றும் கம்ஃபர்ட் வகையறா வேண்டாம். அது துணியில் தங்கி, அடுத்த முறை துடைக்கும்போது கண்ணாடிக்கே வந்துவிடும்.